ஜூலையில் போகாதீர்கள்: கியூபெக்கின் பருவ விழாக்கள்

அவையோருக்கு வணக்கம்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு மகனோ மகளோ டொரன்டோ பக்கம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஜூன் மாதம் போவீர்கள். நயாகரா பார்ப்பீர்கள், பேரப்பிள்ளைகளோடு கொஞ்ச நாள் இருப்பீர்கள், குளிர் வரப்போகிறது என்று செப்டம்பரில் மூட்டை கட்டிவிடுவீர்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் அங்கிருந்து கிழக்கே 800 கிலோமீட்டர் தள்ளி, செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில், பிரெஞ்சு பேசுகிற கியூபெக் நகரம் இருக்கிறது. அங்கே ஒரு தடவையாவது போய்வாருங்கள், அதுவும் கோடையில் அல்ல, குளிரில் போங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். முன்வரிசையில் ஓர் அம்மா இப்போதே சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார்!

கோடையிலும் அங்கே விழாவுக்குக் குறைவில்லை. ஜூன் 24 புனித யோவான் திருநாள். அதுதான் கியூபெக்காரர்களின் தேசிய நாள், தெருவெல்லாம் நீலக் கொடி. ஜூலையில் பெரிய இசை விழா, 1968 முதல் நடக்கிறது. ததூசாக் என்னும் ஊர்ப் பக்கம் போனால் படகில் ஏறித் திமிங்கிலம் பார்க்கலாம். எல்லாம் சரி. ஆனால் ஜூலைக் கடைசியில் கட்டடத் தொழிலாளர்களுக்கு, நகரத்தின் பெயரையே கொண்ட கியூபெக் மாகாணம் முழுக்க, ஒரே நேரத்தில் இரண்டு வார விடுமுறை. பாதி ஊரே பெட்டியோடு கிளம்பிவிடும். ஓட்டலில் அறை கேட்டால் வாடகையைக் கேட்டே உங்களுக்கு வியர்க்கும். கோடையில் பாட்டுக் கச்சேரி எந்த ஊரில்தான் இல்லை? குளிரை வைத்தே விழா எடுக்கிற ஊர்கள்தான் குறைவு.

ஜனவரிக் கடைசி, பிப்ரவரி முதல் பாதி, இதுதான் கார்னிவல் காலம். 1608இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த கத்தோலிக்க ஊர் அது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்குமுன் நன்றாகத் தின்று, குடித்து, ஆடித் தீர்த்துவிடும் பழக்கம் அவர்களோடு வந்தது. 1894இல் பெரிய அளவில் குளிர்கால விழா எடுத்தார்கள், அப்புறம் விட்டுவிட்டு நடந்தது. இப்போது நாம் பார்ப்பது 1955இல் உள்ளூர் வியாபாரிகள் சேர்ந்து உயிர்ப்பித்தது. குளிர்காலத்தில் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் ஆள் வரவழைக்கச் செய்த ஏற்பாடு என்று சொன்னால் அவர்களே மறுக்க மாட்டார்கள். ஆனால் எழுபது வருஷத்தில் ஊர் அதைத் தன் விழாவாகவே ஆக்கிக்கொண்டுவிட்டது.

விழாவின் நாயகன் பொனோம் என்னும் பனி மனிதர். வெள்ளை வெளேர் உடம்பு, சிவப்புக் குல்லா, இடுப்பில் அம்பு வடிவம் நெய்த பல வண்ணக் கச்சை. மேயர் நகரத்தின் சாவியை அவர் கையில் கொடுப்பார். உள்ளே இருக்கும் ஆள் யார் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டார்கள். பனிக்கட்டியில் அரண்மனை கட்டுவார்கள், இரவில் ஊர்வலம் போகும். ஷாத்தோ ஃபிரான்தனாக் ஓட்டலை ஒட்டிய மேடையில் 1884 முதல் ஒரு சறுக்குப் பாதை இருக்கிறது. கட்டைச் சறுக்குவண்டியில் உட்கார்ந்து கீழே விடுகிறார்கள். முட்டிவலிக்காரர்கள் வேடிக்கை பார்த்தால் போதும்.

ஆனால் எதைத் தவறவிட்டாலும் படகுப் போட்டியைத் தவறவிடாதீர்கள். ஆற்றில் பனிப்பாளங்கள் மிதந்து வருகின்றன. கடலின் ஏற்றவற்றம் அந்த இடம் வரை எட்டும். அதனால் பாளங்கள் ஒரு பக்கமாக மட்டும் போகாமல் மேலும் கீழுமாக இழுபடும். அதற்கு நடுவே ஐந்து ஐந்து பேராக எதிர்க்கரையில் உள்ள லெவி நகரத்தை நோக்கிப் படகு விடுகிறார்கள். தண்ணீர் இருந்தால் துடுப்பு. பாளம் குறுக்கிட்டால் சட்டென்று ஒரு காலைப் படகுக்குள் மடித்து வைத்து, ஆணி பதித்த காலணி போட்ட மறுகாலால் பனியை உந்தி உந்திப் படகைத் தள்ளுவார்கள். பாளம் முடியும் இடத்தில் மறுபடி உள்ளே பாய வேண்டும்; ஒரு நொடி தப்பினால் இடுப்பளவு ஐஸ் தண்ணீர். இது விளையாட்டாகப் பிறந்ததல்ல. குளிரிலும் ஓடும் நீராவிப் படகுகள் வருவதற்கு முன்னால் குளிர்காலத்தில் தபாலும் சரக்கும் ஆளும் இப்படித்தான் கரை கடந்தார்கள். பிழைப்புக்குச் செய்ததைத்தான் இப்போது பந்தயமாகச் செய்கிறார்கள்.

அடுத்தது மார்ச், ஏப்ரல். ஊரெங்கும் சேறும் அழுக்குப் பனியுமாகப் பார்க்கச் சகிக்காது. சுற்றுலாக் கையேடுகள் இந்த மாதங்களைக் கண்டுகொள்வதே இல்லை. எனக்குப் பிடித்த பருவம் இதுதான், ஏனென்றால் அப்போதுதான் மேப்பிள் மரத்தில் சாறு இறங்கும். இரவில் உறைய வேண்டும், பகலில் உருக வேண்டும்; இரண்டும் மாறி மாறி நடந்தால்தான் மரம் சாறு விடும். மொட்டு விரிந்துவிட்டால் சாற்றின் ருசி கெட்டுவிடும், அதோடு வேலை முடிந்தது. நம் பனங்காட்டில் பதநீர் இறக்கிக் காய்ச்சுகிற பருவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மேப்பிள் சாறு பதநீர் மாதிரி இனிக்காது. கிட்டத்தட்ட பச்சைத் தண்ணீர்தான். 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு. ஐரோப்பியர்கள் வருவதற்கு முன்பே அந்த மண்ணின் பழங்குடிகளுக்குத் தெரிந்திருந்த வித்தை இது. இன்று உலகத்தின் மேப்பிள் பாகில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்த ஒரு மாகாணத்திலிருந்து வருகிறது.

அந்த வாரங்களில் காட்டுக்குள் பாகு காய்ச்சும் சர்க்கரைக் குடில்களுக்குக் குடும்பம் குடும்பமாகப் போய் நீள மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது அங்கே வழக்கம். பட்டாணி சூப், பன்றித் தொடைக்கறி, ஆம்லெட், அவித்த பீன்ஸ், எல்லாவற்றின் மேலும் பாகு. கடைசியில் வெளியே வந்தால் மரத்தொட்டியில் சுத்தமான பனியைப் பரப்பி வைத்திருப்பார்கள். கொதிக்கிற கெட்டிப்பாகை அதன்மேல் கோடு கோடாக ஊற்றுவார்கள். சில நொடியில் இறுகும்போது ஒரு குச்சியை வைத்து உருட்டினால் ஜவ்வு மிட்டாய் தயார். வெளியே ஜில்லென்றும் உள்ளே சூடாகவும் இருக்கும். பல்செட் போட்டவர்கள் ஜாக்கிரதை.

இலையுதிர்காலத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிவந்த மேப்பிள் காட்டின் படம் எல்லார் வாட்ஸாப்பிலும் வந்துவிடுகிறது. அக்டோபரில் போகிறவர்கள் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள காப் தூர்மாந்த் சதுப்புநிலத்தையும் பாருங்கள். ஆர்க்டிக்கிலிருந்து தெற்கே போகும் வெள்ளை வாத்துகள் ஆயிரக்கணக்கில் அங்கே இறங்கி மேய்கின்றன.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. பிப்ரவரி இரவில் மைனஸ் 20 அதிசயமில்லை. இங்கிருந்து கம்பளி வாங்கிப் பெட்டியை நிரப்பாதீர்கள். கோட்டும் பூட்ஸும் பிள்ளைகளின் நண்பர்களிடம் இரவல் கிடைக்கும். அடுக்கடுக்காகப் போடுங்கள், காலுறை நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைவர்கள் என்ன செய்வது என்று ஒரு துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. நியாயமான கேள்வி. அந்தப் பட்டாணி சூப்பில் பெரும்பாலும் பன்றி எலும்பு இருக்கும், பீன்ஸிலும் கொழுப்பு போடுவார்கள். பார்வையை நம்பி எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்பதிவு செய்யும்போதே மகளை விட்டுப் பிரெஞ்சில் கேட்கச் சொல்லுங்கள், இப்போது சில குடில்கள் சைவச் சாப்பாடும் தருகின்றன. இல்லையென்றால் ரொட்டியும் உருளைக்கிழங்கும் உண்டு, பனிமேல் ஊற்றும் பாகும் இருக்கிறது. அடுத்த கேள்வி யாருடையது?