ஊர்க்கோடியில் தப்பிய மரக்கோயில்கள்: ஷான்ஷியில் ஒரு தனி பைக் பயணம்

[காட்சி: பெட்ரோல் பங்க். நீண்ட மூக்குள்ள தகரக் கெண்டி.]

திரையில் தெரிவது செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளி அல்ல. இதில் இருப்பது பெட்ரோல். சீனாவின் பல பங்க்குகளில் பைக்கைக் குழாய்க்குப் பக்கத்தில் விட மாட்டார்கள். ஊழியர் இந்தக் கெண்டியில் பெட்ரோலைப் பிடித்துக் கொடுப்பார். தள்ளி நிற்கும் வண்டிக்கு அதைச் சுமந்து போய் நாமே டேங்கில் ஊற்றிக்கொள்ள வேண்டும். சூடான எஞ்சினில் பெட்ரோல் சிந்தித் தீப்பிடித்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. குழாயில் பிடித்திருந்தால் ஒரு சொட்டும் சிந்தியிருக்காது. கெண்டியில் ஊற்றியபோது என் முழங்கால் வரை நனைந்தது.

[காட்சி: வடசீன வரைபடம். ஷான்ஷி மாகாணம் மட்டும் நிறமேறுகிறது.]

சீனாவில் இன்றும் நிற்கும் மிகப் பழைய மரக்கட்டடங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே மாகாணத்தில் இருக்கின்றன. காற்று வறண்டது, அதனால் மரம் சீக்கிரம் உளுப்பதில்லை. ஊர்கள் ஏழ்மையானவை, பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டக் கையில் காசில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய பாதைகள் எட்டாத மலைமடிப்புகளில் இவை ஒளிந்திருந்தன. பஸ் சரியாகப் போகாத இடங்கள் என்பதால்தான் பைக்.

ஆசைப்பட்டவுடன் கிளம்பிவிட முடியாது. நம் ஊர் ஓட்டுநர் உரிமமும் அதை வைத்து எடுக்கும் சர்வதேச அனுமதியும் அங்கே செல்லாது. சீன உரிமம் வேண்டும். வேலைக்காக அங்கே தங்கியிருந்ததால் என்னிடம் ஒன்று இருந்தது. பல நகரங்களின் உட்பகுதிக்குள் பைக்குக்கு அனுமதி இல்லை. விரைவுச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம் என்கிறது நாட்டின் சட்டம். ஏறவே கூடாது என்கின்றன பல மாகாணங்கள். ஆகவே கிராமச் சாலை, நிலக்கரி லாரி, புழுதி. சீன வரைபடங்களில் இடத்தைக் குறிக்கும் ஆயத்தொலைவுகளை வேண்டுமென்றே சற்று நகர்த்தி வைத்திருப்பார்கள். வெளிநாட்டுச் செயலியை நம்பினால் சாலை ஒருபக்கமும் நாம் சோளக்காட்டிலும் இருப்போம். உள்ளூர்ச் செயலியே கதி.

[காட்சி: யுன்காங் குகைகள்.]

முதல் நிறுத்தம் தாதோங் நகருக்கு மேற்கே உள்ள யுன்காங். 446இல், அப்போது வடசீனாவை ஆண்ட வட வெய் வம்சத்துப் பேரரசர் ஒருவர் பௌத்தத்தை ஒடுக்கினார். அவருக்குப் பின் வந்தவர் ஆதரித்தார். 460 வாக்கில் தான்யாவ் என்ற துறவியின் மேற்பார்வையில் மணற்பாறையைக் குடையத் தொடங்கினார்கள். இன்று அங்கே சிறிதும் பெரிதுமாக 51,000 சிலைகள். பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் கூட்டமும் அதற்கேற்ப. நாம் தேடி வந்தது கல்லை அல்ல, மரத்தை.

[காட்சி: யிங்ஷியன் மரக்கோபுரம், தொலைவிலிருந்து.]

தெற்கே ஏறக்குறைய 75 கிலோமீட்டர். தட்டையான வயல்வெளி. அதன் நடுவே 67 மீட்டர் உயரத்துக்கு ஒரு மரக்கோபுரம். கட்டிய ஆண்டு 1056. தஞ்சைப் பெரிய கோயில் எழுந்து அரை நூற்றாண்டுகூட ஆகியிருக்கவில்லை. வெளியே ஐந்து தளங்கள் தெரியும். இடையில் நான்கு தளங்கள் மறைந்திருக்கின்றன, ஆக ஒன்பது.

[காட்சி: கூரைக்கு அடியில், மரத்தாங்கிகளின் அண்மைத் தோற்றம்.]

இதைத் தாங்குவது ஆணி அல்ல. நம் கோயில் தூண்களின் தலையில் உத்திரத்தை ஏந்தி நிற்கும் போதிகையை நினைத்துக்கொள்ளுங்கள். அதையே மரத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால் இது வரும். சீனத்தில் இதன் பெயர் தோகோங். ஒவ்வொரு துண்டும் கழுந்தும் துளையுமாக மற்றதில் செருகியிருக்கும். இறுக ஒட்டாததுதான் இதன் சூட்சுமம். நிலம் நடுங்கினால் ஆயிரக்கணக்கான இணைப்புகளும் தலைக்கு ஒரு மயிரிழை அசைந்து கொடுக்கும். அதிர்ச்சி அங்கேயே கரைந்துவிடும். இந்த ஒரு கோபுரத்தில் மட்டும் 54 வகைத் தாங்கிகளை எண்ணியிருக்கிறார்கள்.

கேமராவை அருகில் கொண்டு போகிறேன், இரண்டாம் தளத்துத் தூண்களைப் பாருங்கள். சாய்ந்திருக்கின்றன. கடந்த நூற்றாண்டின் போர்களில் கோபுரத்தின் மேல் குண்டுகள் விழுந்தன. அது போதாதென்று, அழகுபடுத்துகிறோம் பேர்வழி என்று மேல்தளங்களின் மண்சுவரைப் பெயர்த்துவிட்டுச் சட்டக்கதவுகளை மாட்டினார்கள். அலங்காரம் செய்தவர்களின் கணக்கில் வராமல் போனது, அந்தச் சுவரும் சேர்ந்துதான் பாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பது. இப்போது மேலே ஏற அனுமதி இல்லை.

கோபுரத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கில் கீச்சிட்டுப் பறப்பவை உழவாரக் குருவிகள். மரத்தை அரிக்கும் பூச்சியை இவை தின்றுவிடுகின்றன என்பது உள்ளூர் நம்பிக்கை. எவ்வளவு உண்மையோ, தமிழில் பெயர் வைத்தவர்கள் மட்டும் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்: கோயிலில் உழவாரப்பணி.

[காட்சி: மலைச்சாலை, மூடுபனி.]

வூதாய் மலை, மஞ்சுஸ்ரீ போதிசத்துவரின் இருப்பிடமாகக் கருதப்படுவது. வடசிகரம் 3,061 மீட்டர். கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போயின. வழியில் ஜின்கே கோயில். 8ஆம் நூற்றாண்டில் இது எழ முன்னின்றவர் அமோகவஜ்ரர் என்ற பௌத்தத் துறவி. அவருடைய குரு வஜ்ரபோதி, தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியே சீனா சென்றவர். போதிதர்மரைப் பற்றிப் பேசித் தீராத நாம் இவரைப் பற்றி வாய் திறப்பதே இல்லை.

[காட்சி: ஃபோகுவாங் கோயில். மேட்டின் மேல் கிழக்கு மண்டபம்.]

845இல் தாங் வம்சத்துப் பேரரசர் வூசோங் பௌத்தத்தை ஒடுக்கி 4,600 மடங்களை மூடவைத்தார். 2,60,500 துறவிகளும் துறவினிகளும் காவியைக் களைய வேண்டியதாயிற்று. புகழ்பெற்ற ஃபோகுவாங்கும் தப்பவில்லை. இப்போது நாம் பார்க்கும் மண்டபம் 857இல் மறுபடி கட்டியது.

1937இல்கூட, தாங் காலத்து மரக்கட்டடம் சீனாவில் ஒன்றும் மிஞ்சவில்லை, பார்க்க வேண்டுமானால் ஜப்பானுக்குத்தான் போக வேண்டும் என்று சில ஜப்பானிய அறிஞர்கள் சொல்லிவந்தார்கள். கட்டடக்கலை ஆய்வாளர் லியாங் சிசெங்கும் அவர் மனைவி லின் ஹுய்யினும் அதை ஏற்கவில்லை. வடமேற்குச் சீனாவில் பௌத்தக் குகைகள் உள்ள துன்ஹுவாங்கின் 61ஆம் குகையில் வூதாய் மலையைத் தீட்டிய சுவரோவியம் இருக்கிறது. அதில் இந்தக் கோயிலும் பெயரோடு இருந்தது. அந்தத் துப்பை வைத்துக்கொண்டு, கோவேறு கழுதைகளில் ஏறி வந்து சேர்ந்தார்கள்.

கூரைக்குள் ஏறினால் வௌவால் கூட்டம், மூட்டைப்பூச்சி, நூற்றாண்டுக் கணக்கில் படிந்த தூசி. நாட்கணக்கில் அளந்தார்கள். லின்னுக்குத் தூரப்பார்வை. கிட்டத்தில் இருப்பது மங்கும் அந்தக் கண்ணுக்குத்தான், தரையில் நின்றபடியே, உத்திரத்தின் அடிப்பக்கத்தில் மங்கிய மையெழுத்து தென்பட்டது. கழுவிப் பார்த்தால் கொடையளித்த பெண்ணின் பெயர்: நிங் கோங்யூ. வாசலில் நின்ற கல்தூணிலும் அதே பெயர், கூடவே 857க்குரிய ஆண்டு. மண்டபத்தில் பெரிய சிலைகளுக்கு ஓரமாக ஒரு பெண் சிற்பம் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது. யாரென்று தெரியாமல் கிடந்த அந்தப் பெண்தான் நிங் கோங்யூ. இதெல்லாம் நடந்தது ஜூலைத் தொடக்கத்தில். அதே மாதம் 7ஆம் தேதி பெய்ஜிங் அருகே ஜப்பானுடன் போர் மூண்டது. செய்தி மலைக்கு வந்துசேரச் சில நாட்கள் ஆயின.

[காட்சி: மண்சாலை. வறண்ட ஓடை. ஊர்க்கோடியில் சிறிய கோயில்.]

கடைசி நிறுத்தம் நான்சான். 782இல் கட்டியது. ஆண்டு உறுதியாகத் தெரிந்த சீன மரக்கட்டடங்களில் இதுவே மிகப் பழையது. நம் ஊர்க் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடம் இதைவிடப் பெரிதாக இருக்கும். அரசரின் ஆணை 4,600 மடங்களைத் தேடிப்போனபோது, இது யார் கண்ணிலும் படவில்லை. லியாங் சிசெங்கின் கண்ணிலும்தான். இதை அறிஞர்கள் கண்டறிந்தது 1953இல்.

காவலர் பூட்டைத் திறந்துவிட்டு வெளியிலேயே நின்றார். உள்ளே ஒரு தூண்கூட இல்லை. மண்சிலைகள், மெல்லிய இருட்டு, உளுக்காத மரத்தின் வாசம். படம் எடுக்கக் கூடாது என்று சைகை காட்டினார். ஆகவே இந்த இடத்தில் திரை சற்று நேரம் கறுப்பாகவே இருக்கும்.

[காட்சி: கறுப்புத் திரை. பூட்டு விழும் ஓசை. பிறகு வெளிவெளிச்சம்.]

வாசலுக்கு எதிரே ஒரு பாட்டி மக்காச்சோளக் கதிர்களைச் சாலை முழுக்கப் பரப்பி உலர்த்திக்கொண்டிருந்தார். வண்டியைத் திருப்ப வேண்டும் என்று கையால் வட்டம் போட்டுக் காட்டினேன். எழுந்திருக்காமலே, காலால் நான்கு கதிர்களை ஒதுக்கிவிட்டார்.