கவுன்சிலர்கிட்ட எப்படிச் சொன்னா வேலை நடக்கும்?

காட்சி: தருமபுரியில ஒரு தெருக்குழாய். வரிசையா காலிக் குடங்கள்.

"தண்ணி சரியா வரல." வார்டு கவுன்சிலர்கிட்ட வர்ற புகார்ல பாதி இப்படித்தான் இருக்கும். இதை வச்சு அவர் நகராட்சியில யாரையும் கேள்வி கேட்க முடியாது. எந்தத் தெரு, எத்தனை வீடு, கடைசியா எந்தத் தேதியில வந்தது, எவ்வளவு நேரம் ஓடுச்சு, தெருமுனை வீட்டுக்கு வருதா? இவ்வளவும் சொன்னீங்கன்னா வால்வு திறக்கறவர்லேர்ந்து பொறியாளர் வரைக்கும் யாரும் மழுப்ப வழியில்ல.

தெருமுனை வீட்டை ஏன் கேக்கறோம்? தெரு முழுக்க வரலன்னா கோளாறு மேல்நிலைத் தொட்டியிலயோ, வால்வுலயோ, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வர்ற பெரிய குழாயிலயோ இருக்கும். முனையில வந்து கடைசி வீட்டுக்கு வரலன்னா அடைப்பு, இல்ல மேடு, இல்ல நடுவுல யாரோ குழாயில நேரா மோட்டார் போட்டு உறிஞ்சறாங்க. ஒரே ஒரு வீட்டுக்கு வரலன்னா அந்த வீட்டு இணைப்பைத் தோண்டிப் பாக்கணும். ஃபெரூல் (தெருக் குழாய்லேர்ந்து வீட்டு இணைப்பு பிரியற இடத்துல இருக்கிற சின்னப் பித்தளைத் துண்டு) அடைச்சிருக்கும், இல்ல பழைய இரும்புக் குழாய் துருப்பிடிச்சிருக்கும்.

காட்சி: சாக்கடைக்குள்ள போற குடிநீர்க் குழாய், கிட்டப் பார்வையில்.

மோட்டார் விஷயத்தைப் பக்கத்து வீட்டுச் சண்டைன்னு விட்டுடாதீங்க. மோட்டார் இழுக்கும்போது குழாய்ல அழுத்தம் இறங்கும். இந்தக் குழாய் மாதிரி சாக்கடையில முங்கி, எங்கயாவது விரிசலும் இருந்தா, கழிவுநீர் உள்ள வந்துடும். திறந்ததும் நாத்தமா வந்து, கொஞ்ச நேரத்துல தெளிஞ்சா, தண்ணி நிக்கிற நேரத்துல கசிவு வழியா அழுக்கு சேருதுன்னு சந்தேகப்படலாம். தெளிஞ்சாலும் அதைக் குடிக்காதீங்க. கடைசி வீட்டுக் குழாய்ல குளோரின் சோதனை செய்யச் சொல்லுங்க. சின்னக் கண்ணாடிக் குழாய்ல தண்ணி பிடிச்சு, மருந்துச் சொட்டு விட்டா மஞ்சளாகும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்கணும்.

நம்ம மாவட்டங்களுக்குன்னே ஒரு எச்சரிக்கை இருக்கு. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீர்ல பல இடங்கள்ல ஃபுளோரைடு அதிகம். 2013-ல ஒகேனக்கல் திட்டம் வந்ததே அதுக்காகத்தான். காவிரித் தண்ணி நிக்கிற நாள்ல போர் தண்ணியைக் காய்ச்சிக் குடிச்சா கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அது அடர்த்திதான் ஆகும். ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேற தண்ணியே இல்லாத இடத்துல 1.5 வரைக்கும். போர் தண்ணியைத் துணி துவைக்க வச்சுக்கிட்டு, சமைக்கவும் குடிக்கவும் லாரித் தண்ணி அனுப்பச் சொல்லிக் கவுன்சிலரைக் கேளுங்க.

காட்சி: மின்கம்பத்துல எழுதியிருக்கிற எண்.

தெருவிளக்குக்குக் கம்ப எண் போதும். கம்பம் மின்வாரியத்தோடது, விளக்கு நகராட்சியோடது. ஒண்ணு மட்டும் எரியலன்னா விளக்கு போயிருக்கும். வரிசையா எரியலன்னா சுவிட்ச், டைமர், இல்ல கம்பி. தீப்பொறி பறந்தா கவுன்சிலருக்காகக் காத்திருக்காம மின்வாரியத்துக்குச் சொல்லுங்க.

சாக்கடை அள்ளினா மண்ணை ஓரத்துலயே குவிச்சுட்டுப் போறது வழக்கம். அடுத்த மழையில அது திரும்ப உள்ளதான் போகும். அதனால "அள்ளுங்க"ன்னு மட்டும் கேக்காம "அள்ளினதை எப்ப எடுப்பீங்க"ன்னும் கேளுங்க. பல இடத்துல அடைப்புக்குக் காரணம் வீட்டு வாசல்ல வண்டி ஏற சிமெண்ட்ல போட்ட சரிவு. அதை உடைக்கச் சொல்ல எந்தக் கவுன்சிலரும் தயங்குவார், ஓட்டு போயிடும்னு. தூக்கி எடுக்கிற மாதிரி ஸ்லாப் போட நீங்களே முன்வந்தா அவருக்கும் பேச வாய் இருக்கும்.

சாலைப் பள்ளம்னா முதல்ல அது யார் சாலைன்னு கேளுங்க. நெடுஞ்சாலைத் துறையோடதுன்னா கவுன்சிலர் கடிதம் எழுதலாம், ஜல்லி கொட்ட முடியாது.

காட்சி: நகராட்சி அலுவலக வாசல்.

தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு நகராட்சியிலயும் 33 வார்டு. கவுன்சிலர் கையெழுத்துல பணம் வராது. நிர்வாகம் ஆணையர் கையில. பல்பு மாத்த, கசிவு அடைக்க மன்றத் தீர்மானத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்ல. புதுசா சாக்கடை கட்டணும்னா மதிப்பீடு, தீர்மானம், டெண்டர்னு போகணும். அதுக்கான மனுவைக் கூட்டத்துக்கு முந்தின நாள் கொடுத்துப் பிரயோஜனம் இல்ல, அஜெண்டா தயாராகறதுக்கு முன்னாடியே கொடுங்க.

மனு ரெண்டு பிரதி. ஒண்ணுல தேதியோட முத்திரை வாங்கிக்கோங்க. வாட்ஸ்அப்ல அனுப்புற போட்டோ அதுக்கு ஈடாகாது. வேலை நகரலன்னா, 2022 நவம்பர் 1-லேர்ந்து நடக்கிற பகுதி சபைக் கூட்டத்துல (வார்டு மக்கள் குறைகளைப் பேசுற கூட்டம்) அந்தப் பிரதியைக் காட்டிக் கேளுங்க. அங்கயும் நகரலன்னா முதல்வரின் உதவி எண் 1100, இல்ல ஆட்சியர் அலுவலகத்துல திங்கட்கிழமை குறைதீர் நாள்.

"வேலை முடிஞ்சுது"ன்னு பதில் வந்து, தெருவுல ஒண்ணும் நடக்கலன்னா தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாள்ல வரணும். "ஏன் செய்யல"ன்னு எழுதாதீங்க. அந்த வேலையோட மதிப்பீட்டு நகலும், எம் புக்னு சொல்ற, முடிஞ்ச வேலையை அளந்து எழுதுற அளவுப் புத்தகத்துல அந்தப் பக்கத்தோட நகலும் வேணும்னு எழுதுங்க.