ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏர் ரைஃபிள் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இது எவ்வளவு வேகமாகச் சுடும்?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. முதல் குண்டும் இருபதாவது குண்டும் ஒரே வேகத்தில் போகுமா? நடுத்தர விலையில் பிசிபி வகை ரைஃபிள் வாங்கி, அதைச் சரியாக அமைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இந்தக் கேள்வியை வைத்தே வழி சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

பிசிபி என்றால், உயர் அழுத்தக் காற்றை முன்கூட்டியே ஒரு சிலிண்டரில் அடைத்து வைத்திருக்கும் ரைஃபிள். ஸ்பிரிங் ரைஃபிளில் ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங்கை அமுக்கிப் பூட்ட வேண்டும். விசையை இழுத்ததும் கனமான பிஸ்டன் பாய்ந்து துப்பாக்கியையே உலுக்கும். பிசிபியில் அந்த உலுக்கல் இல்லை. விசையை இழுத்தால் சிறிய ஹாமர் ஒன்று வால்வைத் தட்டுகிறது, வால்வு கண நேரம் திறந்து மூடுகிறது, வெளியே வந்த காற்று பெல்லட் என்ற சிறு ஈயக் குண்டைக் குழல் வழியே தள்ளுகிறது. அவ்வளவுதான். ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் இன்று வீரர்கள் கையில் இருப்பதும் இந்த வகைதான். அங்கே பத்து மதிப்பெண் பெற்றுத்தரும் புள்ளியின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர்.

இது புதிய யோசனையும் அல்ல. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரியப் படையிடம் ஜிரார்டோனி என்ற காற்றுத் துப்பாக்கி இருந்தது. அதன் அடிக்கட்டையே காற்றுக் கலம். கைப்பம்பால் ஆயிரம் தடவைக்கு மேல் அடித்துத்தான் அதை நிரப்புவார்கள். சுடச் சுடக் கலத்தில் அழுத்தம் குறையும், குண்டின் வலுவும் குறைந்துகொண்டே போகும். இன்றைய பிசிபியும் அடிப்படையில் அதே சிக்கலோடுதான் பிறக்கிறது. அதை எப்படிக் கையாள்கிறது என்பதில்தான் ஒரு ரைஃபிளுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம்.

வால்வுக்குப் போகும் காற்றின் அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் கருவிக்கு ரெகுலேட்டர் என்று பெயர். அது இல்லாத ரைஃபிளை 200 பார் அழுத்தம் வரை நிரப்புவதாக வைத்துக்கொள்வோம். கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப் போல இது ஏறத்தாழ தொண்ணூறு மடங்கு. இவ்வளவு அழுத்தம் வால்வை இறுக்கி மூடி வைத்திருப்பதால், ஹாமரால் அதை நன்றாகத் திறக்க முடியாது. எனவே முதல் சில குண்டுகள் மெதுவாகப் போகும். அழுத்தம் குறையக் குறைய வால்வு தாராளமாகத் திறந்து வேகம் கூடும். ஒரு கட்டத்துக்குப் பிறகு காற்றே போதாமல் வேகம் இறங்கும். ஏறி இறங்கும் அந்த வளைவின் நடுவில் சமமான ஒரு பகுதி இருக்கிறது. நீங்கள் சுட வேண்டியது அங்கேதான். முழுக்க நிரப்பினால்தான் நன்றாகச் சுடும் என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. பல ரைஃபிள்கள் 200ஐ விட 175 பாரில் தொடங்கும்போதே நன்றாகச் சுடும்.

ரெகுலேட்டர் உள்ள ரைஃபிளில் வால்வுக்கு முன்னால் ஒரு சிற்றறை இருக்கும். சிலிண்டரில் 200 இருந்தாலும் 150 இருந்தாலும் அந்த அறைக்குள் 120, 130 என்று வகுத்த அழுத்தமே வரும். சிலிண்டர் அந்த அளவுக்கு இறங்கும் வரை வேகம் மாறாது. ஒரே அமர்வில் நிறையச் சுடுகிறவர்களுக்கும், 30 மீட்டருக்கு அப்பால் சுடுகிறவர்களுக்கும் இதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகும். ஒன்றை மட்டும் பாருங்கள்: ஓரிரவு சும்மா இருந்த ரைஃபிளின் முதல் குண்டு மற்றவற்றைவிடத் தனி வேகத்தில் போனால், ரெகுலேட்டரில் காற்று மெல்லக் கசிந்து அறையின் அழுத்தம் ஏறியிருக்கலாம். வாங்கிய புதிதிலேயே இதைச் சோதித்துவிடுவது நல்லது.

வேக மாற்றம் குறியை எவ்வளவு பாதிக்கும்? வினாடிக்கு 235 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் ஒன்று 10 மீட்டர் குறைந்து 225இல் போனால், 25 மீட்டர் தூரத்தில் அரை சென்டிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்து படும். 50 மீட்டரில் அது இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டும். நீங்கள் கையை அசைக்காமல் சுட்டிருந்தாலும் இந்த விலகல் வரும். இதனால்தான் சீரான வேகத்தை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

ரைஃபிளைத் தேர்ந்தெடுக்கும் முன் காற்று எங்கிருந்து வரும் என்பதை முடிவு செய்யுங்கள். கடையில் நிற்கும்போது பலர் மறந்துபோகும் விஷயம் இது. 200 மில்லிலிட்டர் சிலிண்டர் உள்ள ரைஃபிளைக் கைப்பம்பால் 120இலிருந்து 200 பாருக்கு ஏற்றுவது உடற்பயிற்சி போல முடிந்துவிடும். அரை லிட்டர் பாட்டில் உள்ள ரைஃபிளை 250 பார் வரை கையால் ஏற்றுவது சலிப்பூட்டும் உழைப்பு. டைவிங் சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. 12 லிட்டர் சிலிண்டரிலிருந்து அந்தச் சிறிய ரைஃபிளை ஒருமுறை நிரப்பினால் சிலிண்டரில் ஒன்றே கால் பார் போலத்தான் குறையும். ஆனால் சிலிண்டர் 180 பாருக்கு வந்துவிட்டால், அதன் பிறகு ரைஃபிளும் 180ஐத் தாண்டாது. 232 பார் சிலிண்டரை வைத்துக்கொண்டு 300 பார் ரைஃபிளை வாங்கினால் ஒருநாளும் அதை முழுக்க நிரப்ப முடியாது. குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் ரைஃபிள் பின்தங்கியது என்று எண்ண வேண்டாம். உங்கள் சிலிண்டரிலிருந்து அதுவே அதிகப் பயனை எடுத்துத் தரும்.

எதில் நிரப்பினாலும் மெதுவாக நிரப்புங்கள். வேகமாக நிரப்பினால் காற்று சூடாகும், ஆறியதும் அழுத்தமானியின் முள் இறங்கிவிடும். கைப்பம்பில் ஈரம் சேரும் என்பதால் ஈரம் உறிஞ்சும் வடிகட்டி வேண்டும், இடையிடையே பம்பை ஆறவிடவும் வேண்டும். உயிர்போகும் விஷயம் ஒன்று: இந்தச் சிலிண்டரில் ஒருபோதும் ஆக்சிஜனை நிரப்பக் கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜன் துளி எண்ணெயோடு சேர்ந்தாலும் வெடிக்கும். நிரப்பும் வாயில் பெட்ரோலிய எண்ணெயும் கூடாது. காற்று கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் வளையங்களுக்கு சிலிக்கோன் கிரீஸ் போதும்.

இனி ரைஃபிள். நடுத்தர விலையில் எல்லாமே சிறந்ததாகக் கிடைக்காது. என்னைக் கேட்டால், முதல் இடம் குழலுக்கு, இரண்டாவது விசைக்கு. இரண்டு கட்டமாக இழுபடும் விசை, இரண்டாம் கட்டம் தொடங்கும் இடம் விரலுக்குத் தெளிவாகத் தெரிவது, இவை குறியைக் காக்கும். கட்டை மரமா, சிந்தெடிக்கா என்பது விருப்பம். அது தோளில் பொருந்தி, தலையைத் தூக்காமலே கண் ஸ்கோப்புக்கு, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கிக்கு, நேராக வந்தால் சரி. குழல் விட்டத்தில் காகித இலக்குக்கு 4.5 மில்லிமீட்டரே பொருத்தம். அதன் பாதை தட்டையாக இருக்கும். 5.5 கனமான பெல்லட்டைத் தள்ளும், காற்றையும் கூடுதலாக எடுக்கும். எந்த விட்டம், எவ்வளவு ஆற்றல் வரை உரிமம் வேண்டாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ரைஃபிளுக்கு 12 அடி-பவுண்டு, அதாவது 16 ஜூல் அளவு வரம்பு, ஜெர்மனியில் 7.5 ஜூல். உங்கள் இடத்துச் சட்டத்தை வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரைஃபிள் வீட்டுக்கு வந்ததும் ஸ்கோப்பை மாட்ட அவசரப்பட வேண்டாம். நிரப்பி, ஆறவிட்டு, முள் எங்கே நிற்கிறது என்று குறித்துவிட்டு இரண்டு நாள் அப்படியே வையுங்கள். கசிவு இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். குழலில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். துணித் துண்டுகளை இழுத்துத் துடையுங்கள். துடைத்த குழல் சில குண்டுகள் போன பிறகே நிலைகொள்ளும், எனவே முதல் குண்டுகளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அடுத்தது குரோனோகிராஃப் என்ற வேகமானி. சொந்தமாக இல்லாவிட்டால் கிளப்பில் இரவல் வாங்குங்கள். முழுக்க நிரப்பி, ஒவ்வொரு குண்டின் வேகத்தையும் முள் காட்டும் அழுத்தத்தையும் எழுதிக்கொண்டே சுடுங்கள். வேகம் சமமாக இருக்கும் பகுதி எந்த அழுத்தத்தில் தொடங்கி எதில் முடிகிறது என்பதுதான் உங்கள் ரைஃபிளின் அடையாளம். அதில் அடங்கும் குண்டுகளின் எண்ணிக்கையை மனதில் வைத்து, அத்தனை சுட்டதும் திரும்ப நிரப்புங்கள். ரைஃபிளில் உள்ள சிறிய மீட்டர் துல்லியமாக இருக்காது, எண்ணிக்கையையே நம்புங்கள். காற்றை முழுக்கத் தீர்த்து வைக்கவும் வேண்டாம், கொஞ்சம் அழுத்தம் இருந்தால்தான் வால்வு இறுக மூடியிருக்கும்.

பெல்லட் தேர்வில் பொறுமை வேண்டும். ஒரே குழலுக்கு ஒரு வகை நெருக்கமாகப் படும், இன்னொன்று சிதறும், 4.50, 4.52 என்ற தலை விட்ட வித்தியாசம்கூட அதைத் தீர்மானிக்கும். தூரத்துக்கு உருண்டைத் தலை வகையில் தொடங்குங்கள். காற்று வீசாத நாளில், ரைஃபிளைத் தாங்கியில் வைத்து, ஒவ்வொரு வகையிலும் ஐந்தைந்து குண்டுகளாகப் பல குழுக்கள் சுட்டுப் பாருங்கள். ஒரே குழுவை வைத்து முடிவெடுத்தால் அதிர்ஷ்டத்தைத் திறமை என்று எண்ணிவிடுவீர்கள். ஈயம் தொட்ட கையை உணவுக்கு முன் கழுவுவதை வழக்கமாக்குங்கள். இலக்குக்குப் பின்னால் பெல்லட்டை உள்வாங்கும் தடுப்பு இல்லாமல் ஒரு குண்டும் சுடாதீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். பெல்லட்டுகளை அடுக்கும் மேகசினைக் கழற்றினாலும் குழலில் பெல்லட் இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

கடைசியாக ஸ்கோப். 10 மீட்டர் வரை தெளிவாகக் குவிக்கக்கூடியதாக வாங்குங்கள். பெருந்துப்பாக்கிகளுக்கான பல ஸ்கோப்புகள் 100 கெஜத்துக்கு அமைக்கப்பட்டவை, அருகில் கண் நகர்ந்தால் குறியும் நகரும். ஸ்கோப்பைப் பிடிக்கும் மவுண்ட்டின் திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். குறுக்குக் கோடு சாயாமல் இருக்கட்டும், சாய்ந்தால் தூரம் கூடக் கூடக் குண்டு பக்கவாட்டில் விலகும். முதலில் 10 மீட்டரில் காகிதத்தில் பட வைத்துவிட்டு, பிறகு 30 மீட்டரில் சரிசெய்யுங்கள். ஸ்கோப் குழலுக்கு நாலரை சென்டிமீட்டர் மேலே இருந்து, பெல்லட் வினாடிக்கு 235 மீட்டரில் போனால், அது பார்வைக் கோட்டை இரண்டு முறை வெட்டும்: 13 மீட்டரை ஒட்டி ஒருமுறை, 30இல் மறுமுறை. இடையில் ஒரு சென்டிமீட்டருக்குமேல் உயராது. ஆனால் 5 மீட்டரில் இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல் தாழ்ந்து படும், அருகில் இருப்பது எளிது என்று நினைப்பவர்கள் தவறவிடுவது இதனால்தான். இந்த எண்கள் உங்கள் ரைஃபிளில் கொஞ்சம் மாறும். ஐந்து ஐந்து மீட்டராகத் தள்ளி வைத்துச் சுட்டு, எங்கே படுகிறது என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டையில் ஒட்டிவையுங்கள். பெல்லட் வகையையோ ஸ்கோப் மவுண்ட்டையோ மாற்றினால் அட்டையையும் புதிதாக எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.