அப்பாவின் சீனி வருத்தமும் டெங்குக் காப்புறுதியும்

வணக்கம் உறவுகளே. திருகோணமலை கோட்டை வாசலில் நிற்கிறேன். மைக்கில் காற்று அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை அப்பாவுக்கு மருத்துவக் காப்புறுதி எடுக்க ஒரு முகவரை வீட்டுக்குக் கூப்பிட்டோம். நல்ல பிள்ளை. படிவத்தில் 'சீனி வருத்தம்' என்ற கட்டத்தில் நான் சரி போட்டதும் பேனையை மூடிவிட்டார். "எடுக்கலாம் அண்ணா, ஆனால் சீனியால் வருகிற ஒன்றுக்கும் காசு கிடைக்காது." கண், கிட்னி, கால் புண், இதயம்... அப்புறம் மிச்சம் என்ன? டெங்கு வந்தால் கிடைக்குமாம்.

அவரில் பிழை இல்லை. விரும்பியவர் மட்டும் சேர்கிற காப்புறுதிக்கு வருத்தக்காரர்தான் முதலில் ஓடி வருவார். கட்டுப்பணம் ஏறும். ஏறினால் சுகமாக இருப்பவர்கள் கழன்றுவிடுவார்கள், இன்னும் ஏறும். அதனால் "எல்லோரையும் சேர்" என்று கம்பனிக்கு மட்டும் சட்டம் போட்டால் சரிவராது.

பின்னால் தெரிகிற கோட்டையில் இருந்த ஒல்லாந்தரின் நாட்டையே பாருங்கள். 2006இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. காப்புறுதி நடத்துவது தனியார்தான். ஆனால் அடிப்படைத் திட்டத்துக்கு யார் வந்தாலும் மறுக்க முடியாது; ஒரே திட்டத்துக்கு 25 வயதுக்காரரும் அப்பாவும் ஒரே தொகைதான் கட்டுவார்கள். பதிலுக்கு எல்லோரும் கட்டாயம் எடுக்க வேண்டும். வருத்தக்காரர் அதிகம் உள்ள கம்பனிக்குப் பொது நிதியிலிருந்து ஈடு கிடைக்கும். அப்பாவைத் துரத்துவதில் அங்கே யாருக்கும் லாபம் இல்லை.

நம் அரச ஊழியர்களின் 'அக்ரஹார' மருத்துவக் காப்புறுதியும் கொஞ்சம் இந்தப் புத்திதான், சம்பளத்திலேயே கழித்துவிடுவார்கள். மீன் வாடி வைத்திருந்த அப்பாவுக்கு ஏது சம்பளச் சிட்டை?

செலவு இன்னொரு தலையிடி. அமெரிக்காவின் 2010 சட்டப்படி தனிநபர் காப்புறுதியில் கட்டுப்பணத்தின் 80 வீதமாவது வைத்தியத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் குறைகிற தொகையைக் கட்டியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நல்லதுதான். ஆனால் பில் பெருத்தால் கட்டுப்பணமும் ஏறும், கம்பனிக்கு மிஞ்சுகிற 20 வீதமும் சேர்ந்து பெருக்கும். கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மச்சான் காப்புறுதி அட்டையைக் காட்டியதும் பட்டியலில் இரண்டு ஸ்கேன் கூடியது. ஆஸ்பத்திரி விலையையும் சேர்த்துக் கட்டுப்படுத்தாமல் கம்பனியை மட்டும் பிடித்துப் பயனில்லை.

அப்பா வழமைபோல அரச ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு, கொப்பியோடு விடியவே வரிசைக்குப் போய்விடுகிறார். முகவர் தம்பி நேற்றும் கோல் எடுத்தார், "என்ன அண்ணா, போடுவோமா?" என்று. அப்பா பக்கத்திலிருந்து சொன்னார்: "டெங்குக்குத்தானே, அந்தக் காசுக்கு நுளம்பு வலை வாங்கலாம்."