சீமைக் கருவேலப் புகையில இறால்: ராமநாதபுரத்துல சந்திச்ச மூணு மெக்சிகோக்காரங்க

[காட்சி: கம்பி வலை மேல ஒரு இறால். ஓட்டோட சாம்பல் நிறம் ஓரத்துல இருந்து மெதுவா சிவக்குது.]

இந்த இறாலுக்குச் சொந்த ஊரு மெக்சிகோ பக்கம். கீழ புகைஞ்சிட்டிருக்கிற விறகுக்கும் அதே பக்கம்தான். அதோ கிண்ணத்துல இருக்கே மிளகாய், அதுக்கும் பூர்வீகம் அங்கதான். ஆனா மூணையும் நான் வாங்கிட்டு வந்தது நம்ம ராமநாதபுரத்துல இருந்து!

வணக்கம் மக்களே. வீட்டு மொட்டை மாடியில கிரில் வச்சு புகை இறால் பண்றது எப்படின்னு இன்னைக்குப் பார்க்கப் போறோம். ரப்பர் மாதிரி இழுக்கக் கூடாது, மருந்து மாதிரி கசக்கக் கூடாது. ரெண்டுக்கும் காரணம் சொல்றேன். கடைசியில ஒரு மிளகாய் நெய் வேற இருக்கு, அதை மட்டும் விட்டுடாதீங்க.

முதல்ல பிரச்சினை என்னன்னு புரிஞ்சுக்குவோம். இறால் வேக எவ்வளவு நேரம் ஆகும்? சூடான தோசைக்கல்லுல மூணு நிமிஷம் போதும். உள்ள 63 டிகிரி செல்சியஸ் வந்துட்டா வெந்தாச்சு. அதைத் தாண்டித் தாண்டி விட்டீங்கன்னா சதை இறுகி, தண்ணியெல்லாம் வெளிய தள்ளிடும். ஆட்டுத் தொடையில கொலாஜன் நிறைய இருக்கு, நேரம் ஆக ஆக உருகி மெத்துன்னு ஆகும். இறால்ல அந்த வசதி ரொம்பக் குறைச்சல். ஒருதடவை இறுகினா இறுகினதுதான்.

ஆனா புகைக்கு நேரம் வேணுமே? டெக்சாஸ்ல மாட்டு நெஞ்சுக்கறியைப் பன்னிரண்டு மணி நேரம், அதுக்கு மேலயும் புகையில வைக்கிறாங்க. நம்மகிட்ட இருக்கிறது எவ்வளவு? தீயைக் குறைச்சு, தள்ளி வச்சு, ஓட்டோட வச்சு, என்ன பண்ணாலும் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்துக்குள்ள புகை மணம் ஏறணும். அதனால மெதுவா வேலை செய்யுற மரம் நமக்கு ஆகாது. வேகமா, அழுத்தமா மணம் கொடுக்கிற மரம் வேணும்.

அந்த மரம் எதுன்னு கேட்டா நீங்க என்னை அடிக்க வருவீங்க. சீமைக் கருவேலம்.

[காட்சி: காய்ஞ்ச கண்மாய். கரை நெடுக முள்ளுக் காடு.]

இங்கதான் நான் கொஞ்ச நேரம் நிக்கப் போறேன், பொறுத்துக்கோங்க, ஏன்னா இந்த வீடியோவே இதுக்காகத்தான் எடுத்தேன்.

அமெரிக்காவுல கிரில் சாமான் விக்கிற கடைக்குப் போனீங்கன்னா 'மெஸ்கீட்'னு எழுதி, சின்னச் சின்ன மரத்துண்டுகளைப் பையில போட்டு விப்பாங்க. டெக்சாஸ் தெற்கு, மேற்குப் பக்கத்துல அந்தப் புகைன்னா உசுரு. அந்த மெஸ்கீட்டும் நம்ம சீமைக் கருவேலமும் ஒரே பேரினம். தாவரவியல்ல ரொம்ப காலமா ரெண்டுக்கும் 'புரோசோபிஸ்'னுதான் பேரு. அண்ணன் தம்பின்னு வச்சுக்கலாம். ஹவாய்ல இதே குடும்பத்து இன்னொரு மரம் இருக்கு, 'கியாவே'ன்னு சொல்வாங்க. அங்க தெருவோரத்துல புரட்டிப் புரட்டிச் சுடுற ஹூலி ஹூலி கோழிக்கு அந்த விறகுதான். உலகத்துல ரெண்டு இடத்துல காசு கொடுத்து வாங்குற புகை, நம்ம ஊர்ல கண்மாய்க்குள்ள சும்மா நிக்குது!

இந்த மரம் இங்க எப்படி வந்துச்சுன்னு வாட்ஸ்அப்ல ஆயிரம் கதை ஓடுது. சுதந்திரத்துக்கு அப்புறம் யாரோ விமானத்துல விதை தூவினாங்கன்னு கூட ஒரு கதை. ஆனா 1877-லயே, அப்போ சென்னை மாகாணத்துல இருந்த கடப்பா மாவட்டம் கமலாபுரத்துல இதை நட்டுட்டாங்க. ஜமைக்காவுல இருந்து வந்த விதை. மழை இல்லாத பூமியில வெட்ட வெட்டத் தழையுற விறகு வேணும்னு வெள்ளைக்காரன் காலத்து வனத்துறை கொண்டுவந்தது. விறகு கிடைச்சுது, சரி. ஆனா மரம் நட்ட இடத்தோட நிக்கல. ஆடு மாடு காயைத் தின்னு, போன இடமெல்லாம் விதையைப் போட்டு, கண்மாய், ஊருணி, தரிசுன்னு ஒரு இடம் விடாம பரவிடுச்சு. அகற்றணும்னு உயர் நீதிமன்றம் வரைக்கும் வழக்கு போயிருக்கு. விவசாயி கோபத்துல நூறு சதவீதம் நியாயம் இருக்கு. நான் இந்த மரத்தை நடச் சொல்லலை, தயவுசெஞ்சு யாரும் நடாதீங்க. வெட்டினதை வீணாக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

ஏன்னா ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் எத்தனையோ குடும்பத்துக்கு இந்த முள்ளு மரம்தான் சோறு போடுது. பரமக்குடி பக்கத்துல எங்க சித்தப்பா வீட்டுக்குப் போனப்ப ஒரு கரிமூட்டம் பார்த்தேன். விறகை வெட்டி நெருக்கமா அடுக்கி, மேல வைக்கோலும் தழையும் போட்டு, ஈர மண்ணால மெழுகிடுவாங்க. உள்ள தீ வச்சா, காத்துப் போதாம நாள் கணக்குல புகையும். அங்க வேலை பார்த்த அம்மா ஒருத்தங்க மூட்டத்துல இருந்து கண்ணையே எடுக்கல. "புகை வெள்ளையா வந்தா இன்னும் ஈரம் இருக்குப்பா. நீலமா, நூல் மாதிரி வந்தாத்தான் கரி ஆகுது"ன்னாங்க. ஓட்டையில பலமா வந்தா ஒரு கை மண்ணை அள்ளி அடைக்கிறது, அடங்கிட்டா குச்சியால குத்தி விடுறது. கையில கடிகாரமும் இல்ல, வெப்பமானியும் இல்ல.

அவங்க சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை வச்சுத்தான் நான் இறால் சுடக் கத்துக்கிட்டேன். நிஜமாத்தான் சொல்றேன். கிரில்லுக்கும் அதே விதிதான். வெள்ளையா, மொத்தமா, கண்ணு எரியுற மாதிரி புகை வந்தா அது சரியா எரியாத புகை. அதுல வச்ச இறால் கசக்கும், நாக்குல மரத்துப் போன மாதிரி இருக்கும். நான் முதல் தடவை பண்ணினப்ப அதுதான் நடந்துச்சு, அரைக் கிலோவும் குப்பைக்குப் போச்சு. மெல்லிசா, நீலம் தட்டி, பின்னாடி இருக்கிற சுவர் தெரியுற மாதிரி புகை வரும் வரைக்கும் காத்திருக்கணும். விறகுல இருக்கிற லிக்னின் சூட்டுல உடையும்போது குவாயகால், சிரிங்கால்னு சில பொருள் வெளிய வரும். நாம 'ஆஹா, புகை வாசனை'ன்னு சொல்றோமே, அதுல பெரும்பங்கு இந்த ரெண்டுக்குத்தான்.

விறகை ஊற வைக்கணுமான்னு நிறைய பேர் கேக்குறீங்க. வேண்டாம். ஊற வச்சா முதல்ல ஆவிதான் வரும், அதுவும் வெள்ளைப் புகைதான். நல்லா காஞ்ச துண்டு, கட்டைவிரல் கனம், உள்ளங்கை நீளம், ரெண்டே ரெண்டு. மெஸ்கீட் குடும்பத்துப் புகை அழுத்தமானது, நாலஞ்சு மணி நேரம் வச்சா கசந்துடும். நமக்கு இருபது நிமிஷம்தானே, அதனாலதான் பொருந்துது. முள்ளைச் சுத்தமா எடுத்துடுங்க, குத்தினா ரெண்டு நாள் கடுக்கும். பட்டையையும் செதுக்கிடுங்க. பெயிண்ட் அடிச்ச கட்டை, பிளைவுட் துண்டு பக்கமே போகாதீங்க. இந்த மரம் கிடைக்கலையா, கொய்யாக் குச்சி போடுங்க, மணம் மென்மையா இருக்கும்.

சரி, இறாலுக்கு வருவோம். கடையில கிடைக்கிற பண்ணை இறால் பெரும்பாலும் வனாமி. மெக்சிகோவுல இருந்து பெரு வரைக்கும் இருக்கிற பசிபிக் கரைக்காரன், 2009-ல இந்தியாவுல வளர்க்க அனுமதி கிடைச்சுது. கிலோவுக்கு 30 கவுண்ட், அதாவது முப்பது இறால் நிக்கிற சைஸ் கேளுங்க. சின்னது வேண்டாம், புகை ஏறுறதுக்குள்ள வெந்துடும். தலை ஆடாம ஒட்டியிருக்கணும், அமோனியா நெடி வரக் கூடாது.

ஓட்டை உரிக்கவே கூடாது! இதுல நான் பிடிவாதக்காரன். கத்தரிக்கோலால முதுகு நெடுக ஓட்டை வெட்டி, கருப்பு நரம்பை இழுத்துப் போடுங்க. வெட்டின வாய் வழியா புகை உள்ள போகும், மீதி ஓடு சதைக்குக் குடை பிடிக்கும். அரைக் கிலோ இறாலுக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் ஆப்ப சோடா போட்டுப் பிசறி, தட்டுல பரப்பி, மூடாம அரை மணி நேரம் ஃபிரிட்ஜுல வைங்க. சோடா சதையைத் தண்ணி விடாம பிடிச்சு வைக்கும், கடிச்சா நறுக்குன்னு இருக்கும்.

மசாலா வேண்டாம். இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், தயிர், எதுவுமே வேண்டாம். கமெண்ட்ல திட்டுவீங்கன்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன். மசாலா கருகும், கருகின வாசனை புகையை மூடிடும்.

ஃபிரிட்ஜுல இருந்து எடுத்த சூட்டோட... மன்னிக்கணும், எடுத்த குளிரோட நேரா கிரில்லுக்குப் போகணும். ஏன் தெரியுமா? புகைத் துகள் சூடான காத்துல இருந்து குளிர்ந்த பரப்பைத் தேடிப் போய் ஒட்டும். இறால் சூடாகச் சூடாக ஒட்டுறது குறைஞ்சிடும். ஆக முதல் ஏழெட்டு நிமிஷம்தான் தங்கம்.

[காட்சி: கிரில்லை மேல இருந்து பார்க்கிறோம். ஒரு பக்கம் கரி, மறு பக்கம் காலி.]

கரியை ஒரே பக்கமா ஒதுக்குங்க. மேல சாம்பல் பூத்ததும் விறகுத் துண்டு ரெண்டையும் வைங்க. புகை நீலமாகிற வரைக்கும் நில்லுங்க. அப்புறம் இறாலை காலிப் பக்கத்துல, முதுகு மேல தெரியுற மாதிரி அடுக்கி மூடுங்க. மூடியில இருக்கிற காத்து ஓட்டை இறாலுக்கு நேர் மேல வரணும், அப்போதான் புகை இறாலைத் தொட்டுட்டு வெளிய போகும். மூடி போட்ட கிரில் இல்லாதவங்க கவலைப்படாதீங்க. சாதா கரி அடுப்பு மேல கம்பி வலை வச்சு, பழைய அலுமினியக் குண்டானைக் கவிழ்த்து, ஒரு ஓரத்துல கரண்டிக் காம்பைச் சொருகிச் சந்து விடுங்க, அதுவே போதும். உள்ள சூடு 110-ல இருந்து 120 டிகிரிக்குள்ள நிக்கட்டும்.

ஒரு முக்கியமான விஷயம். இதை வீட்டுக்குள்ள, மூடின பால்கனியில செய்யவே செய்யாதீங்க. கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும், வாசனையே இருக்காது, ஆளைச் சாய்ச்சிடும். திறந்த மொட்டை மாடி, இல்லன்னா வாசல்.

பன்னிரண்டாவது நிமிஷம் ஒரு தடவை திறந்து பாருங்க. ஓடு செம்பு நிறத்துக்கு வந்திருக்கும். அந்தச் சிவப்பு முன்னாடியே அதுக்குள்ள இருந்ததுதான். அஸ்டாசாந்தின்னு ஒரு நிறமி, ஒரு புரதம் அதைப் பிடிச்சு வச்சு மறைச்சிருக்கும், சூட்டுல அந்தப் புரதம் பிடியை விட்டுடும். பூநாரைக்கு இளஞ்சிவப்பு கொடுக்கிறதுல இதே நிறமிக்கும் பங்கு இருக்கு. முதுகு வெட்டுக்குள்ள பாருங்க, கண்ணாடி மாதிரி இருந்தா இன்னும் வேகணும். பால் வெள்ளையா மாறி, இறால் லேசா வளைஞ்சிருந்தா உடனே எடுத்துடுங்க. வாலும் தலையும் முட்டுற அளவுக்குச் சுருண்டா தாண்டிப் போச்சு. எனக்கு பெரும்பாலும் பதினெட்டு நிமிஷத்துல முடியும்.

இப்ப அந்த மிளகாய் நெய். ராமநாதபுரம் முண்டு மிளகாய், குண்டா, பளபளன்னு இருக்குமே, 2023-ல புவிசார் குறியீடு வாங்கினது. இந்த மிளகாய் இனத்தை முதல்ல பயிராக்கினது மெக்சிகோ பூர்வகுடிங்க, கப்பல்ல இங்க கொண்டுவந்தது போர்த்துகீசியர். நாலு மிளகாயைக் கிள்ளி, ரெண்டு ஸ்பூன் நெய்யில சின்னத் தீயில விடுங்க. நுரை அடங்கினதும் நாலு பல் பூண்டைத் தட்டிப் போட்டு, பொன்னிறம் வர்றதுக்குள்ள இறக்குங்க. அரை மூடி எலுமிச்சை பிழியுங்க.

[காட்சி: தட்டு. இறாலின் முதுகு வெட்டுல நெய் இறங்குது.]

இந்த நெய்யை இறால் மேல ஊத்தி, ஓட்டோட கையில எடுத்து, முதல்ல ஓட்டை உறிஞ்சிடுங்க. புகை, நெய், உப்பு, மூணும் ஓட்டுலதான் ஒட்டியிருக்கும். அப்புறம் உரிச்சுச் சாப்பிடுங்க. மிச்சம் இருந்தா மறுநாளைக்குள்ள முடிச்சிடுங்க. இது கருவாடு மாதிரி ஈரமே இல்லாம காய்ஞ்சது இல்ல, புகை போட்டதால மட்டும் கெடாம இருக்காது. ஓட்டைத் தூக்கிப் போடாதீங்க, ரெண்டு டம்ளர் தண்ணியில கொதிக்க விட்டு வடிகட்டி வச்சா, நாளைக்கு ரசத்துக்கு ஆச்சு.

உங்க ஊர்ல கருவாடு, மீன், கறி எதுக்காவது தனியா ஒரு விறகுதான் எரிப்போம்னு வழக்கம் இருந்தா, மரத்தோட பேரையும் ஊர்ப் பேரையும் கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுக்கு அந்த விறகைத் தேடிக்கிட்டு நானே உங்க ஊருக்கு வர்றேன்.