நாட்டுப்புற நடனங்களை வாழவைப்பது பொது மேடையே

மாண்புமிகு நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் சான்றோர்களே, என் அணித் தோழர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

"இந்திய நாட்டுப்புற நடனங்களை வாழவைப்பது ஊர்த் திருவிழாவா, பொது மேடையா?" என்னும் வழக்கில் பொது மேடையே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், விடிய விடிய ஆடிய ஆட்டத்தை மேடை எட்டு நிமிடத்துக்குள் அடக்கிவிட்டது என்றும், மண்ணில் வேர்விட்ட செடியைப் பிடுங்கித் தொட்டியில் நட்டுவிட்டார்கள் என்றும் மனம் வருந்திப் பேசினார். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. அதைப் பற்றிப் பின்னர் பேசுகிறேன். ஆனால் அவர் பேச்சு முழுவதும் ஆட்டத்தைப் பற்றியே இருந்தது. ஆடியவரைப் பற்றி அதில் ஒரு வாக்கியம்கூட இல்லை. பசியோடும் இழிவோடும் ஆடிய ஒருவர், "இந்தப் பிழைப்பு என்னோடு போகட்டும்" என்று முடிவெடுத்துத் தம் பிள்ளைக்கு அந்த ஆட்டத்தைக் கற்றுத் தராமல் விட்டுவிட்டால், எந்தத் திருவிழாவாலும் அதைக் காப்பாற்ற முடியாது. என் வாதத்துக்கு அடிப்படை இதுதான்.

முதலில் வழக்கின் எல்லையை வகுத்துக்கொள்கிறேன். குஜராத்தின் கர்பாவை எதிரணியினர் பெருமையோடு எடுத்துக்காட்டினார்கள். நவராத்திரி இரவுகளில் துளையிட்ட மண்குடத்துக்குள் விளக்கேற்றி நடுவில் வைத்து, அதைச் சுற்றிக் கைதட்டி ஆடும் அந்த ஆட்டத்தை 2023ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கர்பாவுக்கு மேடை தேவையில்லை என்பதை நான் மறுக்கவில்லை. அங்கே ஆடுகிறவரும் பார்க்கிறவரும் ஒருவரே. தெருவில் உள்ள பெண்களெல்லாம் ஆடுவார்கள், ஆடியதற்காக எவரும் இழிவாகப் பேசப்படுவதில்லை. நாம் கவலைப்பட வேண்டியது, ஒரு சமூகத்தார் மட்டும் ஆட, மற்றவர்கள் தள்ளி நின்று பார்த்த ஆட்டங்களைப் பற்றியே. நம் நாட்டில் அத்தகைய ஆட்டங்கள் ஏராளம். அழியும் நிலைக்குப் போனவற்றில் பல அவைதாம்.

ராஜஸ்தானத்தின் கால்பேலியா மக்களைப் பாருங்கள். பாம்புக் கூடையைத் தோளில் சுமந்து, வாசலில் மகுடி ஊதி, ஊர் எல்லைக்கு வெளியே கூடாரமடித்து வாழ்ந்த நாடோடிச் சமூகம் அது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் பாம்பைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றமாயின. பரம்பரைத் தொழில் போயிற்று. அந்த நெருக்கடியில் எந்த ஊர்த் திருவிழா அவர்களுக்குச் சோறு போட்டது? அந்தச் சமூகத்தில் பிறந்த குலாபோ சபேரா, பெண்ணாகப் பிறந்த காரணத்தால் பிறந்தவுடன் மண்ணில் புதைக்கப்பட்டு, தாயின் சகோதரியால் உயிரோடு மீட்கப்பட்டவர். இதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1980களின் தொடக்கத்தில் புஷ்கர் சந்தையில் அவர் ஆடியதைச் சுற்றுலாத் துறையினர் கண்டு மேடையேற்றினார்கள். பெண் பொது இடத்தில் ஆடுவதா என்று அவருடைய சமூகமே முதலில் எதிர்த்தது. அவரோ 1985இல் வாஷிங்டன் நகரில் நடந்த இந்திய விழாவில் ஆடிவிட்டு வந்தார். 2016இல் பத்மஸ்ரீ பெற்றார். 2010இல் அந்தச் சமூகத்தின் கால்பேலியா ஆட்டமும் பாட்டும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. கறுப்புத் துணியில் கண்ணாடிச் சில்லுகளும் வண்ண நாடாக்களும் வைத்துத் தைத்த அந்தச் சுழல் பாவாடை இன்று பல குடும்பங்களுக்கு அடுப்பெரிய வழி செய்கிறது. புதைக்கப்பட்ட பெண் ஒருத்தி தன் இனத்துக்கே முகவரியானது மேடையால்தான், நடுவர் அவர்களே.

மேற்கு வங்கத்துப் புருலியா மாவட்டத்துக்கு வருகிறேன். அங்கே அயோத்தியா மலையடிவாரத்தில் சரிதா என்றொரு சிற்றூர். முகமூடி அணிந்து ஆடும் சௌ நடனத்துக்கான முகமூடிகளைச் செய்யும் சூத்ரதர் குடும்பங்கள் வாழும் ஊர். களிமண்ணால் முகத்தை வனைந்து, அதன்மேல் சாம்பலைத் தூவி, பசையில் நனைத்த காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, குழைத்த மண்ணையும் துணியையும் போர்த்தி, மரக்கருவியால் தேய்த்துத் தேய்த்து மூக்கையும் புருவத்தையும் எடுப்பாக்கி, வெயிலில் காயவைத்துக் களிமண் அச்சைக் கழற்றுவார்கள். பிறகு கண்ணுக்குத் துளையிட்டு, வண்ணம் தீட்டி, மணியும் இறகும் சரிகையும் வைத்துக் கட்டுவார்கள். அந்தச் சுமையைத் தலையில் கட்டிக்கொண்டு, சிறு துளை வழியாக மட்டுமே உலகைப் பார்த்து, மூச்சு முட்ட, அந்தரத்தில் சுழன்று முழங்காலில் வந்து விழுகிறார் ஆட்டக்காரர். முகம் அசையாது என்பதால் துர்க்கையின் சினமும் மகிஷனின் திமிரும் கழுத்திலும் தோளிலுமே தெரிய வேண்டும். இவ்வளவு பெரிய கலையைச் சித்திரை விழாக்களில் ஆடிவிட்டு, ஆண்டின் எஞ்சிய நாளெல்லாம் கூலி வேலை செய்தவர்களே அதிகம். 1960களுக்குப் பின் வெளியூர் மேடைகளும் வெளிநாட்டு அரங்குகளும் புருலியா சௌவுக்குத் திறந்தன. எளிய குடியில் பிறந்த கம்பீர் சிங் முடா 1981இல் பத்மஸ்ரீ பெற்றார். முகமூடிக் கலைஞர் நேபாள் சூத்ரதருக்கு 2024இல், அவர் மறைவுக்குப் பின், அதே விருது அறிவிக்கப்பட்டது. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த சௌவில் இன்று பெண்கள் தனிக்குழு அமைத்து ஆடுகிறார்கள். சித்திரை விழா நின்றுபோய்விட்டதா என்றால், இல்லை. அதுவும் நடக்கிறது, மேடையில் பெயர் பெற்றவர்களும் ஊருக்குத் திரும்பி வந்து அதில் ஆடுகிறார்கள்.

ஊரே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பஞ்சாப் சான்று. பாங்ரா ஆட்டம் செழித்திருந்த சியால்கோட், குஜ்ரான்வாலா வட்டாரங்கள் 1947 பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போயின. அறுவடைக் களத்தையும் ஊரையும் இழந்து வந்த அகதிகளின் கால்களில் மட்டும் ஆட்டம் மிச்சமிருந்தது. 1950களில் குடியரசு நாள் விழாக்களும் கல்லூரி மேடைகளும் அதற்கு இடம் தந்திராவிட்டால், நாம் இன்று காணும் பாங்ரா உருவாகியிருக்காது. அசாமிலும் ஏறக்குறைய இதே கதைதான். நகரத்துப் படித்தவர்கள் நாகரிகமற்றது என்று முகம் சுளித்த பிஹு ஆட்டத்தை 1952இல் ராதா கோவிந்த பருவா குவாஹாட்டியின் லதாசில் மைதானத்தில் மேடையேற்றினார். 2023 ஏப்ரலில் அதே நகரில் 11,000க்கும் மேற்பட்டோர் ஒன்றாக பிஹு ஆடிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள்.

எதிரணியின் வலிமையான வாதம் கேரளத்து வடமலபாரின் தெய்யம். ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் தெய்யக் கோலம் பூண்டதும் மேல்சாதியினரும் அவர் முன் கைகூப்பி அருள்வாக்குக் கேட்கிறார்கள், இதைவிடப் பெரிய மதிப்பை எந்த மேடை தரும் என்று கேட்டார்கள். தெய்யம் ஒரு வழிபாடு. அதைக் காவு என்னும் கோயில் தோப்பிலிருந்து பெயர்த்து அரங்கில் வைக்கும்படி நான் கேட்க மாட்டேன். ஆனால் தெய்யக் கோலங்களுள் ஒன்றான பொட்டன் தெய்யம் என்ன கேட்கிறது? உன்னை வெட்டினாலும் என்னை வெட்டினாலும் ஓடுவது குருதிதானே என்று கேட்கிறது. தலைமுறை தலைமுறையாக அந்தக் கேள்வியைக் கேட்டுக் கும்பிட்ட ஊர், விழா முடிந்து தலை மகுடத்தைக் கழற்றி வைத்த மனிதரைப் பழைய இடத்திலேயே நிறுத்தியதல்லவா? கோலத்துக்குக் கிடைத்த மதிப்பு கோலம் பூண்டவருக்குக் கிடைக்கவில்லை. ஊர் கலைஞரை உயர்த்தியது என்பதற்குத் தெய்யத்தைச் சான்றாக்க முடியாது.

நம் பறையாட்டத்துக்கு நேர்ந்ததும் இதுதான், இன்னும் கொடுமையாக. வேப்பமரச் சட்டத்தில் மாட்டுத்தோலை இழுத்துப் போர்த்திய பறையை, ஆட்டத்துக்கு முன் வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டுவார்கள். தோல் விறைத்ததும் தட்டிப் பார்த்து, ஓசை கணீரென்று எழும்வரை திரும்பத் திரும்பக் காய்ச்சுவார்கள். இடக்கையில் நீண்டு மெலிந்த சிம்புக்குச்சி, வலக்கையில் குட்டையாகத் தடித்த அடிக்குச்சி. அடியும் காலடியும் ஒரே நேரத்தில் விழ, வரிசை முழுவதும் ஒரே உடலாகச் சாய்ந்து நிமிரும். இந்தக் கலையை, சாவு வீட்டில் வந்து அடித்தே தீர வேண்டிய ஒரு சாதியின் கடமையாக ஊர் வைத்திருந்தது. அதனால்தான் படித்து வெளியேறிய இளைஞர்கள் இனிப் பறையைத் தொட மாட்டோம் என்றார்கள். அடிக்க மறுப்பதே பல ஊர்களில் போராட்டமாயிற்று. அவர்களைக் குறை சொல்ல நம்மில் எவருக்கும் உரிமை இல்லை. 1990களில் மதுரையில் நடந்த தலித் கலை விழாக்கள் அதே பறையை உரிமைக் குரலாக மேடையேற்றின. பெண் தொடக்கூடாது என்றிருந்த கருவியைத் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் அரங்குகளில் முழக்கினார்கள். 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் கலைவிழா அதைப் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்தது. அதே ஆண்டில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென நல வாரியமும் அமைந்தது. 2025இல் மதுரை மாவட்டத்துப் பறை ஆசிரியர் வேலு ஆசான் பத்மஸ்ரீ பெற்றார். இன்று எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கல்லூரி வளாகத்தில் பறை கற்கிறார்கள். ஊர் நூற்றாண்டுகளாகச் செய்யாததை மேடை ஒரே தலைமுறையில் செய்தது.

கொங்கு நாட்டு வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்திரப்பன் 87 வயதில், 2024இல், பத்மஸ்ரீ பெற்றார். ஆண்கள் மட்டும் ஆடிய அந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் பயிற்றுவித்தவர் அவர். பீகாரில் பெண் வேடமிட்டு லவுண்டா நாச் ஆடியவர்களைக் கல்யாண வீடுகள் அழைத்தன, பிறகு ஏளனமும் செய்தன. அந்த ஆட்டத்தில் வாழ்நாளைக் கழித்த ராம்சந்திர மாஞ்சிக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஊர் கொடுத்த பட்டப்பெயரை நாடு கொடுத்த பட்டம் துடைத்தது.

இனி அந்த எட்டு நிமிடத்துக்கு வருகிறேன். நேரம் போதாது என்பது உண்மை. அணிவகுப்பில் நகர்ந்துகொண்டே ஆடும்போது ஆட்டத்தின் ஆழம் தெரியாது என்பதும் உண்மை. அதற்கு மருந்து, நேரத்தைக் கூட்டித் தருவதும், பக்கவாத்தியக்காரர்களை முழுமையாக அழைப்பதும், எதை ஆடுவது என்று முடிவு செய்யும் உரிமையைக் குழுத் தலைவரிடமே விடுவதும்தான். இவை விழாக் குழுவினர் மனம் வைத்தால் அடுத்த ஆண்டே செய்யக்கூடியவை. ஊர் தந்த விடிய விடிய நேரத்தில் நடந்தது என்ன என்பதையும் அவை அறியும். கரகம் தலையில் நிற்க, கைகள் இரண்டும் ஆட்டத்தில் இருக்க, ஆடும் பெண்ணின் ரவிக்கையில் ரூபாய் நோட்டைக் குத்துவதை அன்பளிப்பு என்று பெயரிட்டு அனுமதித்தது எந்த இடம்? சென்ற சில பத்தாண்டுகளாக அந்தக் கரகாட்டத்தையும் தள்ளிவைத்துவிட்டு, திரைப்பாட்டுக்கு ஆடும் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்குப் பந்தல் போட்டது எந்த விழாக் குழு? தொட்டியில் நட்ட செடி என்று வருந்துகிறவர்கள், தோட்டத்துக்குத் தண்ணீரை நிறுத்தியவர் யார் என்றும் சொல்ல வேண்டும்.

நிறைவாக, எனக்குப் பின் பேச வரும் எதிரணி அன்பரிடம் ஒன்று கேட்கிறேன். தங்கள் ஊர்த் திருவிழாவில் ஆட வந்தவர்களுக்கு உடை மாற்ற எந்த இடத்தை ஒதுக்கினீர்கள், எந்தப் பந்தியில் எப்போது சோறு போட்டீர்கள், பேசிய கூலியை மறுநாள் காலையில் குறைக்காமல் கொடுத்தீர்களா என்பதை இந்த அவையில் சொல்லட்டும். அவர் சொல்லும் விடையைக் கேட்டபின் நடுவர் அவர்கள் தீர்ப்பு வழங்கட்டும். வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.