தீக்குழிக்கு மேல் ஆடுவது என்ன? அனலை முப்பரிமாணத்தில் பிடிக்கலாம்!

(திரையில்: இருட்டறை, ஒரு மெழுகுதிரி)

இந்தச் சுவாலை எவ்வளவு உயரம்? பெருவிரல் அளவு என்பீர்கள். இப்போது சுவரில் விழும் நிழலைப் பாருங்கள். சுவாலைக்கு மேலே ஒரு முழத்துக்கு ஏதோ நெளிந்து நெளிந்து ஏறுகிறது. சத்தியமாகப் புகை இல்லை, வெறும் சூடான காற்று. மூன்று மீற்றர் தள்ளி ஒரு போன் டோர்ச், அவ்வளவுதான் செலவு.

வரலாற்றை ஓட்டமாகச் சொல்கிறேன். 17ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் மெழுகுதிரி அனலைக் கவனித்தார். 1864இல் ஜெர்மானியரான ஆகஸ்ட் டோப்ளர் அதற்கு ஒரு முறையான கருவியை வெளியிட்டார். அந்த முறையின் பெயர் ஷ்லீரன். சரி, வரலாறு முடிந்தது.

காற்று சூடானால் ஐதாகும், ஒளியை வளைப்பதும் குறையும். 30 பாகை செல்சியசில் காற்றின் முறிவுச் சுட்டி, அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் எண், ஏறக்குறைய 1.00026. 333 பாகைக்குச் சூடேறினால் அடர்த்தி பாதியாகி, 1.00013. நாலாவது தசமத்தில் நடக்கும் இந்தச் சின்ன விளையாட்டுத்தான் அந்த நெளிவு.

(திரையில்: தீக்குழியின் கோட்டுப்படம்)

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். கிழக்கிலங்கையின் பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு. சனத்துக்குள் எட்டிப் பார்க்கும்போது "தள்ளி நில்லு மனே, அனல் அடிக்குது" என்று அம்மம்மா இழுப்பா. நான் பார்த்தது தீயை இல்லை, எதிர்ப்பக்கம் நின்ற ஆட்களை. எல்லாருடைய முகமும் தண்ணீருக்குள் இருப்பதுபோல் ஆடும். சாமி வந்து ஆடுகிறார்கள் என்றே நம்பினேன்!

ஆய்வுகூடத்தில் செய்வதும் அதேதான். எதிர்ப்பக்கச் சனத்துக்குப் பதில் புள்ளி புள்ளியாக அச்சிட்ட தாள். தீ இல்லாமல் ஒரு படம், தீயோடு ஒரு படம். எந்தப் புள்ளி எவ்வளவு விலகியது என்று கணினி கணக்கெடுக்கும்.

ஆனால் ஒரு கமராவுக்குத் தெரிவது அந்த வழி முழுக்கச் சேர்ந்த மொத்த வளைவு மட்டும். வளைத்தது முன்னால் இருந்த அனலா, பின்னால் இருந்ததா? சொல்லாது. அங்கேதான் சனம் உதவுகிறது. குழியைச் சுற்றி நூறு பேர் போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள் அல்லவா? நூறு கோணம். எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு சூடு என்று முப்பரிமாணத்தில் கட்டிவிடலாம். சி.டி. ஸ்கேன் உடம்புக்குச் செய்யும் வேலையேதான். என்னைக் கேட்டால் தீக்குழி உதாரணம்தான் அழகு.

ஒரு சிக்கல். எல்லாக் கமராவும் ஒரே கணத்தில் கிளிக் ஆக வேண்டும். அனல் வினாடிக்கு ஒரு மீற்றர் ஏறினாலே, பத்தில் ஒரு வினாடியில் 10 சென்ரிமீற்றர் போய்விடும். ஒவ்வொரு கமராவும் நிற்கும் இடமும் துல்லியமாகத் தெரிய வேண்டும். நம் சனத்தை அசையாமல் நிற்கச் சொல்லிப் பாருங்கள்! (கோயிலில் போய்ச் சோதனை செய்யாதீர்கள், அடி விழும்.)

சுவாலையின் சொந்த வெளிச்சத்தையும் இப்படிப் பல பக்கத்திலிருந்து பிடிக்கிறார்கள். அடியில் தெரியும் நீலம், எரிதல் நடக்கும் இடத்தையே காட்டிக் கொடுக்கும். அது தனி வீடியோ, கேட்டால் போடுகிறேன்.

இன்றிரவு மெழுகுதிரி நிழலை எடுத்து கமென்டில் சொல்லுங்கள். முதலில் ஃபேனை நிறுத்துங்கள். நான் அதை மறந்துவிட்டு இருபது நிமிடம் டோர்ச்சைத் திட்டிக்கொண்டிருந்தேன்.